கட்டியை இழுப்பதும் ஆளைக் காப்பதும்

ரத்தக்கட்டியை ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். மூளை ரத்தக்குழாய்களை அடைத்துப் பக்கவாதத்தை வரவழைக்கும் கட்டிகளை எடுக்கும் கருவிகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் நான் பொறியாளராக இருந்த காலத்தில், காலையில் போனதும் முதல் வேலை அதுதான். உறையாமல் இருப்பதற்காகச் சிட்ரேட் கலந்து வரும் ஆட்டு ரத்தத்தை மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும்; வெளிர்மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே தெளிந்து நிற்கும். பிறகு இரண்டையும் வேண்டிய விகிதத்தில் மறுபடியும் கலந்து, கால்சியம் குளோரைடும், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் நொதி கொஞ்சமும் சேர்த்து, உடல் வெப்பநிலையில் வைத்துவிட்டால் கட்டி உருவாகிவிடும். கறிக்கடையில் வாங்கிவரும் ரத்தம் பாத்திரத்தில் உறைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. எனக்கு வியப்பளித்தது அந்த விகிதம்தான்.

சிவப்பணுக்கள் மிகுந்த கட்டி கருஞ்சிவப்பாக, மெத்தென்று இருக்கும். இடுக்கியால் தூக்கினாலே இரண்டாக அறுந்துவிடும். சிவப்பணுக்களே இல்லாமல் பிளாஸ்மாவை மட்டும் உறையவைத்தால் கிடைக்கும் வெளிறிய கட்டி முழுக்க ஃபைப்ரின் என்ற உறைபுரத இழைகளால் ஆனது. அதைப் பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கே சுருங்கும், கண்ணாடிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். தட்டணுக்களையும் சேர்த்துவிட்டால் கட்டி தானாகவே இறுகி, உள்ளிருக்கும் திரவத்தைப் பிழிந்து வெளியேற்றி, இன்னும் கெட்டிப்படும். மூளையை அடைக்கும் கட்டிகள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எந்த இடத்திலும் இருக்கலாம். ஒரே கட்டியின் ஒரு முனை மெத்தென்றும் மறுமுனை ரப்பர் போலவும் இருப்பதுண்டு. கட்டியை எடுக்கும் கருவியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கருவியைத்தான் வர்ணிக்கிறார்கள். எதை எடுக்கப்போகிறோம் என்ற கேள்வி பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறது.

நாங்கள் செய்த கட்டியை, மனித மூளைத் தமனிகளின் வளைவுகளை அப்படியே கொண்ட சிலிக்கோன் குழாய் மாதிரிக்குள் செலுத்துவோம். பம்ப் ஒன்று வெதுவெதுப்பான உப்புநீரைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சிக்கொண்டிருக்கும். கட்டி போய் ஒரு கிளையில் சிக்கி ஓட்டத்தை நிறுத்தியதும், மெல்லிய கம்பிவலைக் கருவியை அனுப்பி எடுத்துப் பார்ப்போம். மெத்தென்ற கட்டியானால் கருவியோடு பெரும்பகுதி வரும். ஆனால் வரும் வழியில் துணுக்குகள் உதிர்ந்து சிறிய கிளைகளுக்குள் ஓடிவிடும். அப்படி ஓடியவற்றைப் பிடிக்க, மாதிரியின் வெளியேறும் வாயில் மெல்லிய சல்லடை ஒன்று இருக்கும். வெளிறிய கட்டியானால் துணுக்குத் தொல்லை இல்லை. ஆனால் வலைக்கம்பிகள் அதற்குள் பதியாமல் அதன் முதுகின்மேல் உருண்டு, கருவி வெறுங்கையோடு திரும்பும். சல்லடையில் சேர்ந்த துணுக்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணுவது சலிப்பூட்டும் வேலை. இருந்தாலும், கட்டியை எடுப்பது வேறு, ரத்த ஓட்டத்தை மீட்பது வேறு என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சல்லடைதான். ஓட்டத்தை மீட்பது வேறு, ஆளைக் காப்பது வேறு என்பது அதற்கும் மேலான படி. அதைச் சிலிக்கோன் மாதிரியால் சொல்ல முடியாது. மருத்துவ உலகம் அந்தப் படியைக் கடந்த வரலாறு நேர்க்கோட்டில் போகவில்லை என்பதால்தான் அதைப் பற்றி எழுத விரும்பினேன்.

குழாய்க்குள்ளிருந்தே கட்டியை இழுத்து எடுக்கும் யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த தாமஸ் ஃபோகார்ட்டி. பள்ளிப் பருவத்திலேயே மருத்துவமனையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அன்றைக்குக் காலில் கட்டி அடைத்தால், ரத்தக்குழாயை நீளவாக்கில் திறந்து, மணிக்கணக்கில் அறுவை செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் பலர் காலையோ உயிரையோ இழந்தார்கள். இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்த ஃபோகார்ட்டி, மருத்துவ மாணவராக இருந்தபோது, சிறுநீர் வடிகுழாய் ஒன்றின் முனையில் அறுவைக் கையுறையின் விரல்நுனியை வெட்டிக் கட்டினார். தூண்டில் கட்டிப் பழகிய கைகளுக்கு அந்த முடிச்சு சிரமமாக இல்லை. குழாயைக் கட்டிக்குள் நுழைத்து மறுபக்கம் கொண்டுபோய், அங்கே பலூனை உப்புநீரால் உப்பவைத்து, பின்னோக்கி இழுத்தால் கட்டி முன்னால் தள்ளப்பட்டு வெளியே வந்துவிடும். உடலில் சிறு வெட்டு ஒன்று போதும். 1961-இல் அது நோயாளியிடம் பயன்பட்டது. 1963-இல் கட்டுரை வெளியானது. 1969-இல் காப்புரிமை கிடைத்தது. தொடக்கத்தில் எந்த நிறுவனமும் அதைத் தயாரிக்க முன்வரவில்லை என்பதால் அவரே கையால் செய்துகொண்டிருந்தார். அந்தப் பலூன் குழாய் அவர் பெயரிலேயே இன்றும் அறுவை அரங்குகளில் புழங்குகிறது.

ஃபோகார்ட்டி பலூனுக்குச் சோதனைகளும் ஒப்பீட்டுக் குழுக்களும் தேவைப்படவில்லை. கால் வெளிறிக் குளிர்ந்து கிடந்தது, கட்டி வந்தது, கால் சிவந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. பின்னால் வந்த எல்லோரையும் தடுக்கிவிட்டதும் இந்த எளிமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காலில் கண்ணுக்குத் தெரிந்த தர்க்கம் மூளையிலும் இதயத்திலும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

மூளை எப்படி வேறுபடுகிறது? தொடையில் குத்தி நுழைத்த குழாய் பெருந்தமனி வழியாக மேலேறி, கழுத்தைக் கடந்து, மண்டையோட்டின் அடிப்பகுதியில் பாம்பு வளைவதைப் போல வளைந்து செல்லும் இடத்தைத் தாண்டியாக வேண்டும். அதற்கு அப்பால் உள்ள நடுப்பெருமூளைத் தமனியின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குள்தான். அதன் சுவர் மெல்லியது. தசைகள் சூழ்ந்து தாங்கும் காலின் தமனியைப் போலல்லாமல், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் ஏறத்தாழ மிதந்தபடி இருக்கிறது. அதற்குள் பலூனை உப்பவைத்து இழுத்தால் தமனியே கிழிந்துபோகும். இவற்றுக்கெல்லாம் மேலே காலம் என்ற ஒன்று இருக்கிறது. ரத்தம் நின்ற காலுக்குச் சில மணி நேர அவகாசம் உண்டு. பெரிய தமனி அடைபட்ட மூளையோ நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறது என்று ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார். எனவே ஒரு மணி நேரம் தாமதித்து முழுக் கட்டியையும் அழகாக எடுப்பது தோல்வியாகவே முடியலாம்.

1995-இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்று, பக்கவாதம் தொடங்கி 3 மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசியாகப் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது; மறு ஆண்டே அங்கே அனுமதி கிடைத்தது. பிற்பாடு அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. ஆனால் பெரிய குழாயை அடைத்த நீளமான கட்டியிடம் மருந்து தோற்றது. 8 மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட கட்டி மருந்தால் மட்டும் கரைவதற்கு வாய்ப்பே இல்லை எனலாம் என்று ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2011-இல் அளந்து எழுதினார்கள். ஒரு பக்கக் கையும் காலும் முற்றிலும் விழுந்து, பேச்சும் போய், ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடக்க நேரிடுவது பெரும்பாலும் இந்த நீளக் கட்டிக்காரர்கள்தான்.

அவர்களுக்காக வந்த முதல் கருவியின் பெயர் மெர்சி. லாஸ் ஏஞ்சலீஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பியர் கோபான் உருவாக்கிய யோசனை அது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி நேராகக் குழாய்க்குள் போய், கட்டியைக் கடந்து வெளிவந்ததும் பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கும் கம்பியின் வடிவத்துக்குச் சுருண்டுகொள்ளும். பிறகு கட்டியோடு சேர்த்து இழுக்க வேண்டும். நிட்டினாலின் இந்தக் குணம் 1960-களை ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வெளிப்பட்டது. எவ்வளவு நசுக்கினாலும் விட்டதும் பழைய உருவுக்குத் திரும்பும். மூளைக் கருவிகள் பெரும்பாலும் இந்த ஓர் உலோகத்தை நம்பித்தான் இருக்கின்றன.

மெர்சிக்கு 2004-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. எந்த ஆதாரத்தின் பேரில் என்பதைக் கவனிக்க வேண்டும். சோதனையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குழாய் திறந்தது. கருவி போடாத நோயாளிகளோடு சீட்டுக்குலுக்கி ஒப்பிட்ட குழு கிடையாது. மருந்து ஒன்றைக் கொண்டுவருபவர் நோயாளி எழுந்து நடந்தாரா என்று காட்டியாக வேண்டிய இடத்தில், கருவியைக் கொண்டுவந்தவர் குழாய் திறந்ததைக் காட்டினாலே போதுமாக இருந்தது. அப்போதே சில நரம்பியல் மருத்துவர்கள் இதை ஆட்சேபித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன், கருவி செய்பவர்கள் பக்கத்தில் வேலை பார்த்தவனாக இருந்தாலும்.

மெர்சியை ஒதுக்கிவிட்டு வந்தது ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் விரியும் கம்பிவலைக் குழல்) வடிவக் கருவி. அது பிறந்த கதை சுவையானது. மூளைத் தமனியில் பலூன் போல் புடைத்த இடங்களுக்குள் கம்பிச்சுருள் நிரப்பும்போது, சுருள் வெளியே வழிந்துவிடாமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது சொலிட்டேர் என்ற ஸ்டென்ட். அதை விரித்த பிறகும் மடக்கித் திரும்ப எடுக்க முடியும் என்ற வசதியைக் கண்ட ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் ஹெங்கஸ், 2008-இல் ஷ்டுட்கார்ட்டில் அதையே கட்டி எடுக்கப் பயன்படுத்தினார். நுண்குழாய் கட்டியைத் துளைத்து மறுபக்கம் போகும். அதற்குள்ளிருந்து ஸ்டென்ட்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டு நுண்குழாயைப் பின்னால் இழுத்தால், வலை கட்டிக்குள்ளேயே விரியும். விரிந்த உடனே ரத்தம் ஓரளவு பாயத் தொடங்கிவிடும். சில நிமிடங்கள் காத்திருந்தால் கம்பிகள் கட்டிக்குள் பதியும். பிறகு கழுத்துத் தமனியில் பலூனால் ஓட்டத்தை நிறுத்தி, பின்னாலிருந்து உறிஞ்சிக்கொண்டே, மெதுவாக இழுப்பார்கள். 2012-இல் சொலிட்டேரையும் மெர்சியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, மூளையில் ரத்தக்கசிவு நேராமல் குழாய் திறந்தது சொலிட்டேரில் 61 விழுக்காடு, மெர்சியில் 24 விழுக்காடு. மூன்று மாதத்தில் இறந்தவர்கள் முறையே 17 விழுக்காடும் 38 விழுக்காடும். எட்டு ஆண்டுகள் சந்தையில் இருந்த கருவி எவ்வளவு சுமாரானது என்பது, அதைவிட நல்லது வந்த பிறகுதான் தெரிந்தது.

இத்தனைக்குப் பிறகும், 2013 பிப்ரவரியில் ஹோனலூலுவில் கூடிய பக்கவாத மாநாட்டில் மூன்று பெரிய சோதனைகளின் முடிவுகள் ஒன்றாக வந்து எல்லோர் தலையிலும் இறங்கின. அவற்றில் பெரியது 656 நோயாளிகளைக் கொண்டது. மருந்தோடு குழாய்வழிச் சிகிச்சையும் பெற்றவர்களில் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் 40.8 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 38.7 விழுக்காடு. வித்தியாசமே இல்லை என்று பொருள். மற்ற இரண்டும் அதையேதான் சொல்லின. கட்டியை இழுப்பது வீண் வேலை என்று பலர் முடிவு கட்டினார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் காதைத் தீட்டிக்கொண்டன.

அந்தச் சோதனைகளைப் பிரித்துப் பார்த்தால் காரணம் வெளிப்படையாகவே தெரியும். பெரும்பாலோருக்குப் பழைய கருவிகளே போயிருந்தன. புதிய ஸ்டென்ட் வடிவக் கருவி கிடைத்தவர்கள் மிகச் சிலர். அதைவிட முக்கியமாக, பெரிய குழாய் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை பலரது விஷயத்தில் இல்லை. எடுப்பதற்குக் கட்டியே இல்லாதவர்களையும் குழாய்வழிச் சிகிச்சைக் குழுவில் எண்ணினால், எந்தக் கருவியும் தோற்கத்தான் செய்யும். தொடங்குவதற்கு ஆன நேரமும் அதிகம். ஆக, கருவி, ஆள் தேர்வு, நேரம் மூன்றும் ஒரே நேரத்தில் பழுதாக இருந்தன. தீர்ப்பு மட்டும் கருவியின் மேல் எழுதப்பட்டது.

அந்தத் தீர்ப்பை மாற்றியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அங்கே ஒரு நிர்வாக முடிவு அறிவியலுக்கு உதவியது: இந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவைத் திருப்பித் தர வேண்டுமானால் நோயாளி சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. மற்ற நாடுகளில், நல்ல வாய்ப்புள்ள நோயாளிக்கு மருத்துவர் தாமே முடிவெடுத்துக் கருவியைப் போட்டுவிட்டு, வாய்ப்புக் குறைந்தவரைச் சோதனைக்கு அனுப்பும் பழக்கம் இருந்தது. நெதர்லாந்தில் அந்தக் கதவு மூடப்பட்டதால், எல்லா வகை நோயாளிகளும் சோதனைக்குள் வந்தார்கள். எம்.ஆர். கிளீன் என்ற அந்தச் சோதனையில் 16 மையங்களில் 500 பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் அடைப்பு ஸ்கேனில் உறுதி செய்யப்பட்டது. குழாய்வழிச் சிகிச்சைக் குழுவில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஸ்டென்ட் வடிவக் கருவி. 2015 தொடக்கத்தில் அச்சான முடிவில், தாமே இயங்கும் நிலைக்கு வந்தவர்கள் 32.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 19.1 விழுக்காடு. இது தெரிந்ததும் உலகின் பிற பகுதிகளில் நடந்துகொண்டிருந்த சோதனைகள் தம் கணக்கை முன்கூட்டியே எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாக நின்றன. பெரும்பாலானவை வெற்றி. ஐந்து சோதனைகளின் 1287 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியான ஆய்வின்படி, 2.6 பேருக்குச் சிகிச்சை தந்தால் ஒருவரது ஊனம் ஒரு படியாவது குறைகிறது. மருத்துவத்தில் இப்படிப்பட்ட எண்கள் அடிக்கடி கிடைப்பதில்லை.

அந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது கனடாவிலிருந்து நடத்தப்பட்ட எஸ்கேப். அதில் கருவியின் பெருமையைவிட மருத்துவமனையின் ஒழுங்குதான் எண்களில் தெரியும். ஸ்கேன் எடுத்ததிலிருந்து தொடையில் குத்தும் வரை இடைநிலை நேரம் 51 நிமிடம். முதல் ரத்த ஓட்டம் திரும்பும் வரை 84 நிமிடம். மாற்று வழிக் குழாய்கள் மூலம் மூளைக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருக்கிறதா என்பதையும் ஸ்கேனில் பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். தாமே இயங்கும் நிலைக்கு வந்தவர்கள் 53 விழுக்காடு. நெதர்லாந்தின் 32.6-க்கும் கனடாவின் 53-க்கும் இடையில் உள்ள தூரத்தை உலோகத்தால் விளக்க முடியாது, ஏனென்றால் உலோகம் ஏறத்தாழ ஒன்றேதான்.

இதே வழியில் 2018-இல் வெளியான டான் சோதனை இன்னும் ஒரு படி போனது. கடைசியாக நலமாக இருந்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரம் ஆனவர்களிடம், இறந்துபோன மூளைப் பகுதி சிறியதாகவும் நோயின் கடுமை பெரியதாகவும் இருந்தால், காப்பாற்ற இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கில் கட்டியை எடுத்தார்கள். தாமே இயங்கும் நிலைக்கு வந்தவர்கள் கட்டி எடுக்கப்பட்டவர்களில் 49 விழுக்காடு, எடுக்கப்படாதவர்களில் 13 விழுக்காடு. இரவில் நன்றாகப் படுத்தவர் காலையில் வாய் கோணி, கை விழுந்து எழுந்தால், எப்போது தொடங்கியது என்று தெரியாத காரணத்தினாலேயே சிகிச்சை மறுக்கப்பட்ட காலம் இப்படித்தான் முடிந்தது. கடிகாரத்தின் இடத்தில் ஸ்கேன் வந்து உட்கார்ந்தது.

உறிஞ்சும் குழாய்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொறியாளர்களுக்குப் பிடித்த பகுதி இது. கட்டியைத் துளைக்காமல், அதன் முகத்தில் அகன்ற குழாயின் வாயை வைத்து வெற்றிடத்தால் கவ்வி இழுக்கும் முறை இது. எவ்வளவு விலை உயர்ந்த பம்ப்பை வாங்கினாலும் வெற்றிடத்தால் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இழுக்க முடியாது. இயற்கை வைத்த வரம்பு அது. எனவே மிச்சமிருப்பது வாயின் பரப்பளவு மட்டும்தான். உள்விட்டம் 1.8 மில்லிமீட்டராக இருந்தால் பரப்பளவு சுமார் 2.5 சதுர மில்லிமீட்டர். முழு வெற்றிடத்தில் கட்டியின் மேல் செயல்படும் விசை ஏறத்தாழ 25 கிராம் எடைக்குச் சமம், அவ்வளவுதான். விட்டம் 1.5 மில்லிமீட்டராகக் குறைந்தால் விசை 18 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை அகலப்படுத்திவிட்டு விழா எடுப்பதன் காரணம் இந்தக் கணக்குத்தான். குழாய் அகலமாக அகலமாக அந்தப் பாம்பு வளைவில் ஏற மறுக்கும். சுவரை மெலிதாக்கினால் வெற்றிடத்தில் தானே சப்பிப்போகும். உள்ளே கம்பிச்சுருளைப் புதைத்து, முனைக்குப் போகப்போக மென்மையான பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக மாற்றி, இந்த இழுபறியைச் சமாளிக்கிறார்கள்.

கை வேலையாகப் பார்த்தால் இது மிக அமைதியானது. பம்ப்பை இயக்கியதும் இணைப்புக் குழாயில் ரத்தம் ஓடும். முனை கட்டியைத் தொட்டதும் ஓட்டம் நிற்கும். நின்றதும் காத்திருக்க வேண்டும். மறுபடியும் ரத்தம் ஓடினால் கட்டி உள்ளே போய்விட்டது. ஓடாவிட்டால் வாயில் தக்கையாகச் சிக்கியிருக்கிறது, குழாயையே மெல்ல வெளியே இழுக்க வேண்டும். ஸ்டென்ட் வலையா, உறிஞ்சுகுழாயா என்ற சண்டையைச் சோதித்த ஒப்பீடுகளில் உறிஞ்சுகுழாய் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. இன்று பல மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். முதல் இழுப்பிலேயே முழுதும் வந்தால் நோயாளிக்குக் கிடைக்கும் பலன் தெளிவாகக் கூடுதல் என்பதால், எந்தக் கருவி என்பதைவிட எத்தனையாவது இழுப்பு என்பதைத்தான் அவர்கள் கவலையோடு பார்க்கிறார்கள்.

மூளையின் கதையை மட்டும் படித்தால் பொறுமையாக இருந்தால் கருவி வென்றுவிடும் என்று தோன்றும். இதயத்தின் கதை அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. மாரடைப்பில் இதயத் தமனியை அடைப்பதும் கட்டிதான். ஸ்டென்ட் வைப்பதற்கு முன் அதை உறிஞ்சிவிட்டால் துணுக்குகள் கீழே போகாது என்பது மறுக்க முடியாத தர்க்கமாகத் தெரிந்தது. 2008-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 1071 பேரிடம் நடந்த சோதனை, உறிஞ்சியவர்களிடம் ஓராண்டில் இறப்பு குறைந்ததாகவே காட்டியது. உலகெங்கும் அது வழக்கமானது. பிறகு 2013-இல் சுவீடனின் தலைமையில் 7244 பேரிடம் பார்த்தார்கள், இறப்பில் மாற்றமில்லை. 2015-இல் 10,732 பேரைக் கொண்ட டோட்டல் சோதனை வந்தது. அதிலும் பலன் இல்லை. அதோடு, 30 நாட்களுக்குள் பக்கவாதம் வந்தவர்கள் உறிஞ்சிய குழுவில் 0.7 விழுக்காடு, உறிஞ்சாத குழுவில் 0.3 விழுக்காடு. இதயத்திலிருந்து வெளியே இழுக்கும் வழியில் துணுக்கு நழுவினால் அது மூளைக்குப் போக வாய்ப்பிருக்கிறது. எல்லா மாரடைப்புக்கும் உறிஞ்சும் வழக்கத்தைப் பிறகு வழிகாட்டுதல்களிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரே மாதத்தில் மூளைக்குக் கருவியும் வெற்றியும், இதயத்துக்குக் கருவியும் தோல்வியும் அறிவிக்கப்பட்ட ஆண்டாக 2015-ஐ நினைத்துக்கொள்கிறேன்; மாதம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். இதயத்தில் பலூனும் ஸ்டென்ட்டுமே குழாயைத் திறந்துவிடுகின்றன என்பதால், கட்டியைத் தனியே எடுப்பதால் கூடுதலாகக் கிடைக்க வேண்டியது சிறிதளவே மிச்சம் இருந்தது என்பதுதான் நான் புரிந்துகொண்ட காரணம்.

காலின் ஆழ்சிரைகளிலும் நுரையீரலிலும் நடப்பவை இன்னும் முடியாத வழக்குகள். உப்புநீரைப் பின்னோக்கிப் பீய்ச்சி, அந்த வேகத்தில் பிறக்கும் இழுவிசையால் கட்டியை உடைத்து உள்ளிழுக்கும் ஆஞ்சியோஜெட் போன்றவை சிவப்பணுக்களையும் சேர்த்து உடைப்பதால், சிகிச்சைக்குப் பின் சிறுநீர் சிவப்பாக வருவதுண்டு. சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டியிருக்கும். ஆழ்சிரைக் கட்டியை மருந்தும் கருவியும் கொண்டு முதலிலேயே நீக்கினால் பின்னாளில் வரும் கால் வீக்கமும் வலியும் குறையுமா என்று 692 பேரிடம் பார்த்த சோதனை, 2017-இல் இல்லை என்றது. நுரையீரலுக்கோ 8 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட குழாய்கள் வந்திருக்கின்றன. மேலே சொன்ன பரப்பளவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவற்றின் இழுவிசை புரியும். அதே விசை நல்ல ரத்தத்தையும் நிறைய உறிஞ்சிவிடும் என்பதால் அதை வடிகட்டி உடலுக்கே திருப்பிச் செலுத்தும் ஏற்பாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். இதயத்தின் வலப்பக்கச் சுமை குறைவதைப் படத்தில் அழகாகக் காட்டுகிறார்கள். படம் அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாந்த வரலாறு நமக்கு உண்டு.

நம் ஊர் நிலவரத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மூளைக் கருவிகளின் விலையோடு, ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கூடமான கேத் லேப்பின் செலவும் சேரும்போது கணக்கு லட்சங்களில்தான் வருகிறது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பெருநகரங்களில்தான் திரண்டிருக்கிறார்கள். இருந்தும், விலையைவிட முந்திக்கொள்வது வழியில் போகும் நேரம். கை கால் இழுத்துக்கொண்டவரை முதலில் அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்கும், அங்கிருந்து ஸ்கேன் மையத்துக்கும், பிறகு பெரிய ஊருக்கும் கொண்டுபோவதற்குள், கருவி எடுக்க வேண்டிய கட்டி அங்கேயே இருக்கும், காக்க வேண்டிய மூளைதான் இருக்காது. எஸ்கேப்பின் 51 நிமிடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இதனால்தான்.

கருவிக்காரர்களின் அடுத்த ஆசை சிறிய குழாய்கள். பெரிய தமனியில் வென்றுவிட்டோம், அதற்கு அப்பால் கிளைக்கும் நடுத்தர, சிறு தமனிகளிலும் போய் எடுத்தால் என்ன என்று இன்னும் மெல்லிய வலைகளைச் செய்தார்கள். எஸ்கேப்-மெவோ, டிஸ்டல் என்ற இரண்டு சோதனைகள் 2025-இல் முடிவு சொல்லின: வழக்கமான சிகிச்சையைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை. சிறிய குழாய் அடைத்தால் பாதிக்கப்படும் பகுதியும் சிறியது, மருந்து கரைக்கும் வாய்ப்பு அதிகம், சுவரைக் குத்திவிடும் ஆபத்தும் அதிகம். சிலிக்கோன் மாதிரியில் நாங்கள் அதே சிறு கிளைகளில் பலமுறை வென்றிருக்கிறோம். சிலிக்கோன் கசிவதில்லை.

அதே 2025-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரெனீ ஜாவோவின் குழு முற்றிலும் வேறு வகைக் கருவி ஒன்றை நேச்சர் இதழில் வெளியிட்டது. துடுப்புகளும் பிளவுகளும் கொண்ட சிறிய உருளை, குழாயின் முனையில் வேகமாகச் சுழல்கிறது. உறிஞ்சுதலும் சுழற்சியும் சேர்ந்து கட்டியைக் கசக்கி, ஃபைப்ரின் இழைகளை இறுக்கி, இடையில் சிக்கிய சிவப்பணுக்களை விடுவிக்கின்றன. கட்டி உடையாமல், தொடக்க அளவில் வெறும் 5 விழுக்காடு மட்டுமே மிஞ்சும் அளவுக்குச் சுருங்கிவிடக்கூடுமாம். கட்டியைப் பிடித்து இழுப்பதை விட்டு, கட்டியின் உள்ளமைப்பையே மாற்றும் இந்த யோசனை, காலையில் விகிதம் பார்த்துக் கட்டி செய்தவனுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதுவரை காட்டப்பட்டவை ஆய்வக மாதிரிகளும் பன்றிகளும்தான். மனிதர்களிடம் அதைப் போட்டுப் பார்த்த கட்டுரை வெளிவரும் நாளில், எத்தனை பேருக்குக் குழாய் திறந்தது என்ற அட்டவணையைத் தாண்டிப்போய், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, தொண்ணூறாவது நாளில் எத்தனை பேர் தாமாக நடமாடினார்கள் என்ற அட்டவணையைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.